ஜன்னல் இருந்த இடத்தில் பூசணம்

எங்கள் படுக்கையறையில் பூசணம் கண்ட இடத்தில் பிடிக்கவில்லை. மேற்குச் சுவரில், முன்பு ஜன்னல் இருந்து பிறகு அடைத்த இடத்தில் மட்டும் பிடித்தது. யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி, ஜன்னலின் நாலு மூலைக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. அடுத்த மழைக்குக் கறுத்தது. அதற்கடுத்த மழைக்குப் பச்சையும் கறுப்புமாகக் கம்பளி விரித்துவிட்டது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. என் மாமனார் கட்டிய பழைய சுவர் நல்ல கனம். ஜன்னலை அடைத்தபோது கொத்தனார் அந்த இடத்தில் மட்டும் செங்கலை ஒற்றை வரிசையாக வைத்துப் பூசிவிட்டுப் போனார். மழைக்காலத்தில் அந்த மெல்லிய இடம்தான் முதலில் சில்லென்று ஆகும். அறைக்குள் படுத்திருக்கிற மூன்று பேரின் மூச்சும், அடுப்படியிலிருந்து வருகிற சோற்று ஆவியும், மழைக்குப் பயந்து உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட துணியின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் அங்கே போய் நீராக நிற்கும். காலையில் எழுந்து விரலால் தடவினால் விரல் நனையும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் வியர்க்கிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள். பதில் சொல்லத் தெரியாத பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். என்னைத்தான் யாராவது நிற்க வைத்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் அந்த ஜன்னலை ஏன் திறக்காமல் வைத்திருந்தேன் என்றால், என் மகளுக்காகத்தான். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது மாமனாரும் மாமியாரும் காலமாகியிருந்தார்கள். நானும் கணவரும் மட்டும்தான். அவருக்கு அரசு அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். எங்கள் படுக்கையறை ஜன்னலும் பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலும் நேருக்கு நேர். ஆனி ஆடியில் மேற்கே மலையிலிருந்து வருகிற காற்று அந்த முடுக்குக்குள் புகுந்து எங்கள் கட்டில்வரை வரும். மின்விசிறி போடமாட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா அங்கே தேங்காய் திருவிக்கொண்டிருப்பாள். நான் இங்கே தலை பின்னிக்கொண்டிருப்பேன். “என்ன டீச்சர், இன்னைக்கு என்ன குழம்பு?” என்று ஆரம்பித்தால் குழம்பைத் தவிர எல்லாம் பேசுவோம். புது ஊர், புது வீடு. கணவர் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லுகிற ஆள். அந்த ஜன்னல் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

சில வருஷம் குழந்தை இல்லை. கல்யாண வீட்டில், காய்கறிக் கடையில், பள்ளியின் ஆசிரியர் அறையில், எங்கே போனாலும் “விசேஷம் உண்டா?” என்ற கேள்வி எனக்கு முன்னால் போய் நின்றது. கடைசியில் இரண்டு பேருமாக ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சோதனையெல்லாம் முடிந்து, எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்குத்தான் கொஞ்ச நாள் மருந்து சாப்பிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. பெரிய விஷயமே இல்லை, சரியாகிவிடும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் வெளியே கிளம்பிப் போய்விட்டார்.

நான் ஜன்னலண்டை நின்று அழுதேன். அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை வருஷம் குறை என்னிடம் என்று பேசிய ஊரில், இல்லை என்று ஒரு ஆளிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா.”

“நான் ஏன்ட்டி சொல்லப் போறேன். நீ என் கூடப்பிறந்தவ மாதிரில்லா.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் கணவர் வந்து, டவுணில் ஒரு வாஸ்து அண்ணாச்சியைப் பார்த்ததாகப் பேரோடு சொன்னார். வீட்டு அமைப்பைச் சொல்லிக் கேட்டாராம்.

“நம்ம பெட்ரூம் கன்னிமூலையில இருக்குல்லா. கன்னிமூலையில தொறப்பு இருந்தா வம்சம் தங்காதுன்னு சொல்லுதாரு. அந்த ஜன்னலை அடைச்சிரச் சொல்லுதாரு.”

கன்னிமூலை என்றால் வீட்டின் தென்மேற்கு மூலை. எங்கள் பக்கத்தில் பொறியாளரைக் கேட்காமல் வீடு கட்டுகிறவர்கள் உண்டு, கன்னிமூலையைக் கேட்காமல் கட்டுகிறவர்கள் கிடையாது. அதனால் அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிதாக இல்லை. சொன்னது அவர் என்பதுதான் புதிது. கோயிலுக்குப் போனால்கூட வெளியே செருப்புக்குக் காவல் நிற்கிற மனுஷன். ஜாதகம் பார்க்கிறவர்களைக் கண்டால் வம்புக்கு இழுப்பார். அப்பேர்ப்பட்டவர் எனக்காக, ஒரு பிள்ளைக்காக, தன் பிடிவாதத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறாரே என்று அன்றைக்கு நான் உருகிப்போனேன். இப்போது அதை நினைத்தால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஜன்னலைப் பெயர்த்துச் செங்கல் வைத்தாகிவிட்டது. கொத்தனார் பூசி முடிக்கும்வரை எதிர் அடுப்படியில் அக்கா இருந்தாள். ஏன் அடைக்கிறீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை. அதன் பிறகு தெருவில் பார்த்தால், “சோலியா இருக்கேன் டீச்சர்” என்று நடையைக் கட்டிவிடுவாள். ஜன்னலைப் பறித்துக்கொண்டோம் என்ற வருத்தம்போல என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

ஒரு வருஷத்துக்குள் நான் உண்டானேன். அவர் மாத்திரையை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டார், நானும்தான் பார்த்தேன். ஆனால் மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜன்னலைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் தொட்டிலைப் பார்த்துவிட்டு அந்தச் சுவரையும் ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். திசையன்விளையில் என் சித்தி மகள் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டில் இரண்டு ஜன்னலை அடைத்தாள். அவளுக்கு வேர்த்து வடிந்ததுதான் மிச்சம்.

மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கணவர் இந்தக் கதையைச் சொல்லுவார். அதிகம் பேசாத மனுஷன் இதை மட்டும் ரசித்துச் சொல்லுவார். “இந்த ஜன்னலை அடைச்சோம், மறுவருஷம் இவ வந்துட்டா. வேற ஒண்ணுமே செய்யல.” அந்த ‘வேற ஒண்ணுமே செய்யல’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவார். மகள் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்போம்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம்தான் சுவர் நனைய ஆரம்பித்தது. அதற்கு முந்திய மழைகள் லேசாகப் போயிருந்தன. அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அறைக்குள் நுழைந்தாலே ஈரச் சாக்கு வாடை. பீரோவுக்குள் பட்டுச்சேலைகளில் வெள்ளைப் புள்ளி. மகளுக்கு முதலில் தும்மல், பிறகு இருமல், பிறகு இழுப்பு. நெஞ்சு ஏறி இறங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் மூக்கில் கப்பை வைத்து மருந்துப் புகை பிடிக்க வைப்பார்கள். சரியாகி வருவாள். அந்த அறையில் படுத்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடும். ஹாலில் படுக்க வைத்தால் கொசு. தனியாகப் படுக்கப் பயந்து அவளே எழுந்து எங்களிடம் வந்துவிடுவாள்.

நான் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தேன். பளிச்சென்று வெளுக்கும், பத்து நாளில் பழையபடி கறுக்கும். சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்தேன். வினிகர் தெளித்தேன், அறை முழுக்க ஊறுகாய் வாடை அடித்தது. பெயின்ட் கடைக்காரர், இதை அடித்தால் சொட்டு ஈரம் வராது என்று ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார். அது சுவரில் தோசை மாதிரி உப்பி, உரிந்து கட்டிலில் விழுந்தது. சாம்பிராணி போட்டு மகளுக்கு இழுப்பை அதிகமாக்கி, நானே என் தலையில் அடித்துக்கொண்டேன். ஏசி மாட்டினோம். மூடிய அறை இன்னும் மூடியதாயிற்று.

டாக்டர், “ரூமுக்குக் காத்து வரணும்மா, வெயில் படணும். அது இல்லாம நான் மருந்து குடுத்துக்கிட்டே இருந்து பிரயோஜனம் இல்ல” என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன்.

“ஜன்னலைத் தொறந்துருவோமாங்க?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “அடைச்சதுனால வந்த பிள்ளை. தொறந்து பாத்துருவோமா? நீயே சொல்லு. நீ சொன்னா நாளைக்கே இடிக்கச் சொல்லுதேன்.”

என்னால் சொல்ல முடியவில்லை. படித்த படிப்பெல்லாம் பெற்ற பிள்ளையைத் தொடாதவரைக்கும்தான். ஒருவேளை, ஒரே ஒருவேளை, அது உண்மையாக இருந்துவிட்டால்? இழுப்போடாவது பிள்ளை இருக்கிறாளே. அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொத்தனார், பெயின்டர் யார் வந்தாலும், “ஜன்னலை மட்டும் கேக்காதீங்க” என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அந்த ஜன்னலுக்கு என்னைவிட நல்ல காவல் அவருக்குக் கிடைத்திருக்காது.

போன வருஷம் என் அண்ணன் சீவலப்பேரி போகிற வழியில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தான். மனையைப் பார்க்க ஒரு வாஸ்து அண்ணாச்சியை அழைத்திருந்தான். பேரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, என் கணவர் சொன்ன அதே ஆள். ஜன்னலை அடைத்து எனக்குப் பிள்ளை கொடுத்த மனுஷனை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் என்று நானும் போனேன். ஒரு சீப்பு பழம்கூட வாங்கிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்று விரலில் கல் வைத்த மோதிரத்தோடு, போனில் பேசியபடியே மனையைச் சுற்றி வந்தார். படுக்கையறைக்குக் கோடு போட்டிருந்த மூலையில் நின்று, “இங்கன மேற்க பாத்து நல்ல பெரிய ஜன்னலா வையும்வே. ஆனி மாசக் காத்து சும்மா வரும். அதை விட்டுட்டு அப்புறம் கரண்டுக்கு அழக்கூடாது” என்றார் அண்ணனிடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “கன்னிமூலையில ஜன்னல் வைக்கலாமா அண்ணாச்சி?”

“வாசல் வைக்கக்கூடாது, கிணறு தோண்டக்கூடாது, பள்ளம் கூடாது. ஜன்னல் வச்சா என்ன? மனுஷன் மூச்சு விட வேண்டாமா?”

“எங்க வீட்டுல அடைக்கச் சொன்னீங்களே.”

“நானா? எந்த வீடு தாயி?”

கணவரின் பெயரையும் அலுவலகத்தையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அவரா! ஒரு சோலியா அந்த ஆபீஸுக்குப் போயிருக்கும்போது, வாஸ்துங்கதே ஊரை ஏமாத்துத வேலைன்னு நாலு பேரு முன்னால எங்கிட்ட மல்லுக்கு நின்னாரே. அவரு எங்கிட்ட வந்து கேப்பாரா? ஆளு மாத்திச் சொல்லுதீங்க போல.”

பழச்சீப்பை அங்கிருந்த செங்கல் அடுக்கின் மேல் வைத்தேன். தலைவலி என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு டவுண் பஸ் ஏறினேன். வருகிற வழியெல்லாம், வேறு வாஸ்துக்காரராக இருக்கும், பேரை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று அவருக்காக நானே வாதாடிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்வரை பொறுத்தேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

“வாஸ்து அண்ணாச்சியைப் பாத்தேன். அவர் நம்மளை ஒண்ணும் அடைக்கச் சொல்லலையாம்.”

மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அந்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் மாதிரி ஒப்பித்தார்.

“நீ அந்தப் பொம்பளைகிட்ட என்ன சொன்ன? அவ புருஷன் டீக்கடையில வச்சு எங்கிட்டக் கேக்கான், ‘என்னவே, மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுதீரா’ன்னு. நாலு பேரு நிக்கும்போது கேக்கான். டம்ளரை வச்சுட்டு வந்தேன். அன்னையில இருந்து அந்தக் கடைப் பக்கம் போனதில்ல. உன் வாயை என்னால அடைக்க முடியாது. ஜன்னலை அடைச்சேன்.”

ஆக, அக்கா சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவள் மாதிரி என்றவள் அகப்பையைக் கையில் எடுப்பதற்கு முன்பே புருஷனிடம் சொல்லியிருப்பாள்போல. இத்தனை வருஷம் அவள் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணமும் சேர்ந்து கிடைத்தது.

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா. நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்லா.”

“கேட்டா அழுவ.”

“பிள்ளைக்கு இழுத்துச்சே. கப்பு வச்சுக்கிட்டு அவ முழி பிதுங்கக் கெடந்தாளே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா, அது சும்மா சொன்னதுன்னு.”

“நாளாயிட்டு. எல்லாரும் நம்பிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?”

டீக்கடையில் அவர் பட்ட அவமானம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கோபத்தில் ஜன்னலை அடைத்ததைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால், ‘தொறந்து பாத்துருவோமா, நீயே சொல்லு’ என்று கேட்டாரே, அதை எப்படி மறப்பது? அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவருக்கு எல்லாம் தெரியும். என் பிள்ளையைக் காட்டியே என்னைப் பயமுறுத்தி உட்கார வைத்தார். நான் பிளீச்சிங் பவுடரோடு கை வெந்து நின்றபோது, “பாத்துத் தேய், கையில போட்டுக்கோ” என்று ரப்பர் கையுறை வாங்கிவந்து கொடுத்தார். அந்த உறையை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் நானே கொத்தனாரைக் கூட்டிவந்தேன். கணவர் தடுக்கவில்லை, கூட நிற்கவும் இல்லை. செங்கல் பெயர்ந்து முதல் ஓட்டை விழுந்ததும் வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. பூசணம் பிடித்த காரையை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினோம். பரணில் கிடந்த பழைய ஜன்னலே பொருந்திவிட்டது. எதிர் அடுப்படியில் அக்கா நின்றிருந்தாள்.

“என்ன டீச்சர், தொறந்தாச்சா?”

“ஆமா. பிள்ளைக்கு மூச்சு வேணும்லா” என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறையைத் துடைத்து, புதுப் படுக்கை விரிப்புப் போட்டு, மகளைக் கூப்பிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நிலைப்படியோடு நின்றுவிட்டாள்.

“அடைச்சிரும்மா.”

“ஏளா, காத்து வருது பாரு. எவ்வளவு நல்லாருக்கு.”

“அடைச்சதுனாலதான நான் பொறந்தேன். அப்பா சொன்னாவல்லா. தொறந்தா நான் செத்துருவேனா?” உதடு கோணிக்கொண்டு வந்தது. “எனக்கு இழுத்தாலும் பரவாயில்லம்மா. அடைச்சிரு.”

கணவர் அவளுக்குப் பின்னால் ஹாலில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அப்பா சும்மா சொன்னேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால்கூடப் போதும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். நான் காத்திருந்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். “ஈரக்காத்தா இருக்கு. இன்னைக்கு ஒரு நாளைக்குச் சாத்தித்தான் வையேன்” என்றார்.

நான் சாத்தவில்லை. மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். ஜன்னலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, டாக்டர் கொடுத்த மருந்தில்தான் அவள் பிறந்தாள், அப்பா சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே சொன்னேன். மருந்து யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் என்னிடம் கேட்கவில்லை, அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“எனக்கு இழுக்கும்போதெல்லாம், அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?”

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. தலையணையை எடுத்து ஜன்னல் பக்கமாகப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.